பழைய 35 க்ளோ எஞ்சினில் கூடுதல் பவர் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்.சி.சி. ஏர்விங்கில் இருந்தவர்களுக்கு இந்த எஞ்சினைத் தெரிந்திருக்கும். கையில் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானத்தின் மூக்கில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின் (தீப்பொறிக்குப் பதில் சிவந்து நிற்கிற கம்பிச்சுருள் பிளக்கால் எரிவது) இருக்கும். ஆமணக்கெண்ணெய் எரிகிற வாசமும் காதைத் துளைக்கிற சத்தமும் ஒரு தடவை அனுபவித்தால் மறக்காது. ஃபாக்ஸ், என்யா, ஓ.எஸ். என்று பல பெயர்களில் வந்தவை. 35 என்பது 0.35 கன அங்குலம், அதாவது 5.8 சிசிக்கு ஒரு நூல் குறைவு. அந்தக் காலத்து 35-கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: பந்து பேரிங் கிடையாது, தண்டு சுழல வெறும் புஷ் என்கிற உலோகக் குழல், பிஸ்டன் தலையில் ஒரு தடுப்புச் சுவர், லைனரின் (பிஸ்டன் ஓடுகிற குழாயின்) ஒரு பக்கம் கலவை உள்ளே வந்து, மறுபக்கம் புகை வெளியே போகும்.

எனக்குக் கிடைத்தது கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில், ஒரு டப்பா நட்டு போல்ட்டுக்கு நடுவில். முழுக்க இறுகிப்போய் இருந்தது. அதைச் சரி செய்து, அப்புறம் பவர் ஏற்றி முடிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. ஆவாரம்பாளையத்தில் எனக்கு லேத் வேலை சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் முதல் நாள் கொண்டுபோய், "போர்ட்டைப் பெருசு பண்ணிடலாமுங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் கிராங்க்கை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இருக்கற பவரே எல்லாப் பக்கமும் ஒழுகிட்டுக் கிடக்குது. மொதல்ல அதை அடைச்சுட்டு வா" என்றார். இந்த வழிகாட்டியின் வரிசையே அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். ஆர்எக்ஸ் 100 பைக்குக்குப் போர்ட்டிங் (கலவையும் புகையும் போகிற போர்ட் என்கிற வழிகளை ராவிப் பெரிதாக்குவது) செய்து பழகிய கை இருக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் ஃபைலைத் தூக்கிவிடுவீர்கள். தயவு செய்து பொறுங்கள்.

இறுகிய எஞ்சினைத் திறப்பது

இறுகியிருப்பது பெரும்பாலும் துருவால் அல்ல, ஆமணக்கெண்ணெயால். அது வருடக்கணக்கில் காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். பிளையரால் கிராங்க்கைத் திருகினால் கனெக்டிங் ராடு வளையும், அத்தோடு கதை முடிந்தது. ஹேர் டிரையரோ ஹாட் ஏர் கன்னோ வைத்துக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி, ப்ரொப்பெல்லரை மாட்டி மெதுவாக இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டுங்கள். அசையாவிட்டால் இன்னொரு தடவை சூடு. எனக்கு நான்காவது தடவையில் "டிக்" என்று விட்டுக்கொடுத்தது. பிறகு தலை, பின்மூடி எல்லாவற்றையும் கழற்றி, கார் கூலன்டில் போட்டு அடுப்பில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் கறுப்பெல்லாம் உரிந்து வரும். கூலன்ட் விஷம், அதனால் அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்குங்கள், அது மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது. வேலையையும் வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

கழற்றும்போது பிஸ்டன் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவர் கலவை வருகிற பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எஞ்சின் ஓடாது, தலையிலும் இடிக்கும்.

அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை

பவர் கூடியதா இல்லையா என்பதைக் காதால் சொல்ல முடியாது. சத்தம் கூடினால் பவர் கூடியது போலவே தோன்றும். சுற்று வேகம் அளக்கிற ஒரு ஆப்டிகல் டேக்கோமீட்டர், ஒரே ஒரு ப்ரொப்பெல்லர், இரண்டும் போதும். 35-க்கு 10×6 (பத்து அங்குல விட்டம், ஆறு அங்குலப் பிட்ச்) சரியான அளவு. அந்தப் ப்ரொப்பெல்லரை இந்தச் சோதனைக்கென்றே எடுத்து வையுங்கள், வேறொன்று மாற்றினால் கணக்கே மாறிவிடும். டேக்கோ சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு நேராகக் காட்டுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், எனவே இரண்டு இலை செட்டிங்கில் 3,000 காட்ட வேண்டும்.

ப்ரொப்பெல்லர் இழுக்கிற பவர் சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வழிகாட்டி முடிந்தது. அதே ப்ரொப்பெல்லரில் வேகம் 10 சதம் கூடினால் பவர் கூடியது 10 சதம் அல்ல, 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதம். அதனால் 300 ஆர்.பி.எம். கூடியது என்று யாராவது சொன்னால் அதை இளப்பமாக நினைக்க வேண்டாம். என் எஞ்சின் முதலில் ஓடியபோது 9,600. நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்றைய வெயிலையும் நேரத்தையும் எழுதினேன். கோவையில் காலை ஆறரை மணிக் காற்றுக்கும் பிற்பகல் இரண்டு மணிக் காற்றுக்கும் வித்தியாசம் உண்டு, சூடான காற்று லேசு, பவர் குறையும். எப்போதும் ஒரே நேரத்தில் அளங்கள்.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான் பிளக்கையும் எரிபொருளையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

எரிபொருள், அதைவிட முக்கியமாக எச்சரிக்கை

இந்த எஞ்சின் குடிப்பது மெத்தனால். நம் ஊரில் இதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், அப்புறம் உயிர் போகும். தோல் வழியாகவும் ஏறும். தமிழ்நாட்டில் இதை வாங்கி வைக்கக் கட்டுப்பாடுகள் கடுமை, அதனால் சுற்றி வளைத்து எங்கும் வாங்காதீர்கள். முறையான ஹாபி கடையில் கலந்து விற்கிற எரிபொருளை வாங்குங்கள், அல்லது உரிமம் உள்ள கல்லூரி, கிளப் வழியாகப் போங்கள். கேனில் பெரிய எழுத்தில் "விஷம்" என்று எழுதிப் பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வெயிலில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கலவை: புஷ் வைத்த பழைய எஞ்சினுக்கு எண்ணெய் 20 சதத்துக்குக் குறையவே கூடாது, நான் 25 வைக்கிறேன், அதில் பாதிக்குமேல் ஆமணக்கெண்ணெய். கடையில் கிடைக்கிற புது எரிபொருள் பலதில் செயற்கை எண்ணெய் மட்டும் 16, 18 சதம் இருக்கும். அது பந்து பேரிங் எஞ்சினுக்கு. இதில் போட்டால் இரும்புப் பிஸ்டனும் ராடும் தேய்ந்துவிடும். ஆமணக்கெண்ணெய் சூடு ஏறினாலும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுதான் அதன் மகிமை. நிறம் எடுத்த, தண்ணீர் இல்லாத, முதல் பிழிவு எண்ணெய் வேண்டும். விளக்கெண்ணெய் என்று கிடைப்பதையெல்லாம் ஊற்ற வேண்டாம், கசடு படியும்.

நைட்ரோமீத்தேன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது ஏன் பவர் தருகிறது என்றால், ஒரு பங்கு மெத்தனால் முழுக்க எரிய ஆறரைப் பங்கு காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 பங்கு போதும். உள்ளே வருகிற அதே காற்றுக்கு அதிக எரிபொருளை எரிக்கலாம். ஆனால் பழைய 35-க்கு 5 சதத்துக்கு மேல் தேவையே இல்லை என்பது என் முடிவு. அது இல்லாமலே இந்த எஞ்சினில் எடுக்க நிறைய இருக்கிறது.

ஒழுகலை அடைப்பது

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் கீழே வரும்போது கலவையை அழுத்தி மேலே தள்ளுகிறது. அந்தப் பம்ப் ஒழுகினால் மேலே வருகிற கலவை குறையும், அவ்வளவுதான் விஷயம். ஊர் முழுக்கப் பம்புசெட்டு செய்கிற நமக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை, ஃபுட் வால்வு ஒழுகுகிற மோட்டார் எப்படித் தண்ணீர் எடுக்கும்?

மூன்று இடங்களைப் பாருங்கள். பின்மூடி கேஸ்கெட்: பழைய காகிதம் நிச்சயமாக உடைந்திருக்கும், புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதே தடிமனில். தலை: கண்ணாடி மேல் 600 எமரித் தாளை வைத்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும். மூன்றாவதுதான் பெரியது: கிராங்க் ஓடுகிற புஷ். ஓடி முடிந்தபின் ப்ரொப்பெல்லர் வாஷருக்குப் பின்னாலிருந்து கறுப்பு எண்ணெய் தாராளமாக வழிகிறதா? முன்னால் டயல் கேஜ் வைத்துத் தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். என்னுடையதில் 0.11 மி.மீ. காட்டியது. 0.08-ஐத் தாண்டினாலே மாற்ற வேண்டும்.

புஷ் மாற்றும் வேலையில் அவசரம் ஆகாது. கேஸை 150 டிகிரி வரை சூடாக்கினால் அலுமினியம் விரிந்து பழைய புஷ் அழுத்தத்தில் வெளியே வரும். கன்மெட்டலில் புதியது கடைய வேண்டும், வெளி அளவு துளையைவிட 0.03 மி.மீ. கூடுதலாக. கேஸைச் சூடாக்கி உள்ளே இறக்கினால் ஆறியதும் இறுகப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது உள் துளை சுருங்கும், அதனால் துளையை அளவுக்குச் சரிசெய்கிற ரீமர் போடுவது இறக்கிய பின்புதான், முன்னால் போட்டால் இரண்டு வேலை. லேத்தில் பிடிக்கும்போது பின்மூடி உட்காருகிற வட்டத்தை ஆதாரமாக வைத்து மாண்ட்ரலில் நிறுத்துங்கள், அப்போதுதான் தண்டு சிலிண்டருக்குச் செங்குத்தாக நிற்கும். அண்ணன் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் டயல் வைத்துப் பார்த்தார். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.03 முதல் 0.04 வரை. நெருக்கமாக இருந்தால் நல்லது என்று 0.01 வைத்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். காற்று வருகிற ஜன்னலை வெட்டும்போது ஓரத்தில் பிசிர் துளியும் இருக்கக் கூடாது. எண்ணெய்க் காடி முன்முனை வரை ஓடக் கூடாது, ஓடினால் அதுவே ஒழுகும் வழி.

பிஸ்டன், லைனர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுண்டுங்கள். துள்ளித் திரும்பி வர வேண்டும், மேலே நிறுத்தினால் சில வினாடியாவது நிற்க வேண்டும். உஸ்ஸென்று இறங்கினால் புதுப் பிஸ்டன் தேவை. அதை லேப்பிங் செய்யும்போது (பேஸ்ட் தடவி அளவுக்குத் தேய்க்கும்போது) லேப்பிங் பேஸ்ட்டைப் பிஸ்டனில் தடவி லைனருக்குள் நேரடியாக ஓட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்து கெடும். லைனருக்கு ஒரு லேப், பிஸ்டனுக்கு ஒரு லேப் என்று தனித்தனியாக அலுமினியத்தில் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் பிஸ்டன் நன்றாக இருந்தது, தொடவில்லை.

புஷ்ஷும் கேஸ்கெட்டும் மட்டும் மாற்றி ஓட்டினேன். 10,400. மும்மடி போட்டால் 27 சதம் கூடுதல் பவர், ஒரு போர்ட்டைக்கூடத் தொடாமல்.

காம்ப்ரஷன்

காம்ப்ரஷன் விகிதத்தை அளக்க இங்கே ஒரு சிரிஞ்சு வேண்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, எஞ்சினை நேராகப் பிடித்து, பிளக் துளை வழியாக 1 மி.லி. சிரிஞ்சால் மெல்லிய எண்ணெயை விடுங்கள், மரை தொடங்குகிற கீழ் விளிம்பு வரை. காற்றுக் குமிழ் போகும்படி லேசாகத் தட்டி, இன்னொரு சொட்டு. எனக்கு 0.72 மி.லி. வந்தது. துளை 20.3, ஸ்ட்ரோக் 17.8 மி.மீ., எனவே கொள்ளளவு 5.76 சிசி. 5.76-ஐயும் 0.72-ஐயும் கூட்டி 0.72-ஆல் வகுத்தால் விகிதம் 9. நைட்ரோ இல்லாத எரிபொருளுக்கு இது குறைவு. தலைக்குக் கீழே இருந்த 0.2 மி.மீ. ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுத்தால் 0.065 சிசி குறையும், விகிதம் 9.8 ஆகும்.

ஆனால் எடுக்கும் முன் பிஸ்டன் தலைச் சுவர் இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைக் கடுகளவு உருட்டிச் சுவர் மேலும் பிஸ்டன் விளிம்பிலும் ஒட்டி, தலையை ஷிம் இல்லாமல் முடுக்கி, ஒரு சுற்று கையால் மெதுவாகச் சுற்றி, திறந்து, நசுங்கிய தடிமனைப் பிளேடால் வெட்டி அளங்கள். 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் ஷிம்மை எடுக்க வேண்டாம், பாதியை எடுங்கள். தலை போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் லைனர் கோணும். இந்தப் பழைய எஞ்சின்களில் லைனர் மெல்லிசு.

காம்ப்ரஷன் அதிகமாகிவிட்டதா என்பதைப் பிளக் சொல்லும். கம்பிச்சுருள் மங்கிச் சுருங்கிப்போய், எஞ்சினில் முட்டை பொரிகிற மாதிரி படபட சத்தம் வந்தால் அதிகம், ஷிம்மைத் திருப்பி வையுங்கள். நைட்ரோ இல்லாவிட்டால் ஹாட் வகை பிளக் போடுங்கள். அந்தப் பிளாட்டினச் சுருள் மெத்தனாலோடு சேர்ந்து தானே சிவந்து நிற்பதுதான் தீப்பொறிக்குப் பதில், எனவே பிளக்தான் இந்த எஞ்சினின் டைமிங். சும்மா கிடந்த பழைய பிளக்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள். இதோடு 10,800.

காற்று வருகிற வழி

இப்போதுதான் போர்ட்டிங் பேச்சு. பழைய 35-இல் காற்றுக் குழாய் 6 மி.மீ., அதன் குறுக்கே எரிபொருளை விடுகிற 3 மி.மீ. ஸ்ப்ரே பார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 7 ஆக்கினால் பரப்பு 36 சதம் கூடும் என்று தோன்றும். ஆனால் குறுக்குக் கம்பி மறைப்பதைக் கழித்துப் பாருங்கள்: முன்பு 28.3-இல் 18 போக 10.3 சதுர மி.மீ., இப்போது 38.5-இல் 21 போக 17.5. எழுபது சதம் கூடிவிட்டது! அதனால்தான் ஒரே மூச்சில் 1 மி.மீ. பெரிதாக்கியவர்களுக்கு எரிபொருள் உறிஞ்சாமல், விமானம் மேலே ஏறும்போது எஞ்சின் நின்றுபோகிறது. காற்று வேகம் குறைந்தால் உறிஞ்சும் இழுப்பும் குறையும். 0.3 மி.மீ.க்கு மேல் ஒரு தடவையில் போகாதீர்கள். மூலக் குழாயைத் தொடாமல், செருகுகுழாயைப் புதிதாகக் கடைந்து மாற்றிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பழையதைத் திருப்பிப் போடலாம். நான் 6.4-இல் நின்றேன்.

கேஸுக்குள் கலவை ஏறுகிற வழியில் வார்ப்புப் பிசிர் இருக்கும், அதைச் சுரண்டி எடுங்கள், கேஸ்கெட் வழியை மறைக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதால் எனக்கு ஒரு ஆர்.பி.எம்.கூடக் கூடியதில்லை. சைலன்சர் இல்லாத பழைய எஞ்சினுக்கு டியூன்டு பைப் மாட்டுவது வீண், இதன் புகைப் போர்ட் திறந்திருக்கும் நேரம் அதற்குப் போதாது. கிராங்க் தண்டின் ஜன்னலை நீட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது கடினமாக்கிய உருக்கு, ஜன்னல் மூலையில்தான் முழுப் பாரமும் விழும். நான் இன்னொரு எஞ்சினில் கிரைண்டர் வைத்து 2 மி.மீ. நீட்டினேன், மூன்றாவது ஓட்டத்தில் தண்டு அந்த மூலையிலேயே முறிந்து, ப்ரொப்பெல்லரோடு முன்பாதி இருபது அடி தள்ளி விழுந்தது. முன்னால் யாரும் நிற்கவில்லை.

குழாய் மாற்றியபின் 11,300. ஆரம்பித்த 9,600-க்கு இது 63 சதம் கூடுதல் பவர். இதில் பெரும்பகுதி புதிதாகச் சேர்ந்தது அல்ல, பிறந்தபோது இருந்ததைத் திருப்பி எடுத்தது.

பழக்குவதும் பறப்பதும்

புதுப் புஷ் போட்ட எஞ்சினை உடனே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். கனமான பெஞ்சில் போல்ட் போட்டு, 9×6 மாட்டி, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற நீடிலை நன்றாகத் திறந்து, எரிபொருள் கூடுதலாக, லொட லொடவென்று நான்கு ஸ்ட்ரோக் மாதிரி ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டு, முழுக்க ஆறவிடு, மறுபடி இரண்டு நிமிடம். பத்துப் பன்னிரண்டு தடவை. பிறகுதான் ஒவ்வொரு தடவையும் சில வினாடி நீடிலை மூடி உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறிய பிறகு தலை போல்ட்டைச் சரிபாருங்கள். ப்ரொப்பெல்லரின் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் பத்தடிக்குப் பின்னால். நீடிலை எப்போதும் எஞ்சினுக்குப் பின்னால் நின்றுதான் திருப்ப வேண்டும்.

பறக்க இடம் தேடும்போது முதலில் மேலே பாருங்கள். நம் தோட்டங்களில் கிணற்றுக்குக் கிணறு கரண்ட் கம்பி போகிறது, கண்ட்ரோல் லைன் கம்பி அதில் பட்டால் கையில் பிடித்திருப்பவர் பிழைக்க மாட்டார். சூலூர், பீளமேடு ஓடுபாதைப் பக்கம் போகவே வேண்டாம். ஆடி மாதக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் லைன் தளர்ந்து விமானம் உள்ளே விழும், காற்று எழும் முன் விடிகாலையில் முடித்துவிடுங்கள். ஊட்டிக்குக் கொண்டுபோனால் நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டியிருக்கும், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதம் குறைவு, பவரும் அந்த அளவு குறையும்.

நாள் முடிந்ததும் டேங்க் குழாயைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பத்துச் சுற்று கையால் சுற்றி, பிஸ்டன் கீழே இருக்கும்படி இல்லாமல் போர்ட்டுகளை மூடி நிறுத்தி, சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கிராங்க் விரலாலேயே சுற்றும்.